ப்ரொவான்: பாரிஸிலிருந்து ஒரு நாளில் போய்வர ஒரு பழைய சந்தை ஊர்

பாரிஸுக்குத் தென்கிழக்கே, சேன்-எ-மார்ன் மாவட்டத்தில், சுமார் 12,000 பேர் வாழும் சிறிய ஊர் ப்ரொவான். கார் து லெஸ்த் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். ஈஃபெல் கோபுரமும் லூவரும் பார்த்து முடித்த பிறகு இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறதே என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்த ஊரைத்தான். மதில், கோபுரம், கிடங்கு, நிலவறை என்று 12, 13-ம் நூற்றாண்டு ஊர் அமைப்பு பெருமளவு அப்படியே நிற்கிறது. 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தெற்கே மத்தியதரைக் கடலோரம் இருக்கும் ப்ரொவான்ஸ் என்ற பகுதி வேறு, இந்த ஊர் வேறு. ஹோட்டலோ ரயிலோ தேடும்போது வரைபடத்தில் ஊர் பாரிஸுக்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்

மதிலையும் கோபுரத்தையும் பார்த்ததும் இது ஏதோ போர்க் கோட்டை என்று நினைத்துக்கொண்டு சுற்றிவிட்டு வருபவர்கள் நிறைய. ப்ரொவான் அடிப்படையில் ஒரு சந்தை. அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் ஊரே புரியும்.

ஷாம்பேன் பகுதியை ஆண்ட கோமகன்கள் தங்கள் எல்லைக்குள் ப்ரொவான், த்ருவா, லாஞி, பார்-சூர்-ஓப் ஆகிய நான்கு ஊர்களில் வருடத்துக்கு ஆறு பெரிய சந்தைகள் நடத்தினார்கள். ஜனவரியில் லாஞியில் தொடங்கி, ஊர் ஊராக நகர்ந்து, ஆண்டு முடிவில் த்ருவாவில் வந்து நிற்கும். அதில் மே மாதச் சந்தையும் செப்டம்பர் சந்தையும் ப்ரொவானுடையவை. ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் நடக்கும். வடக்கே, இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃபிளாண்டர்ஸிலிருந்து கம்பளித் துணி வரும். தெற்கே இத்தாலியிலிருந்து பட்டும், மிளகு, இஞ்சி, இலவங்கப்பட்டை போன்ற சரக்குகளும் வரும். அந்த மிளகு நம் மேற்குக் கரையில் விளைந்து, அரபுக் கப்பல்களில் எகிப்து போய், இத்தாலிய வியாபாரிகள் கைக்கு மாறி, ஆல்ப்ஸ் மலை தாண்டி இங்கே வந்து சேர்ந்தது.

இவ்வளவு தூரத்திலிருந்து மூட்டையோடும் பணத்தோடும் ஒருவன் ஏன் வரவேண்டும்? கோமகன் கொடுத்த பாதுகாப்புதான் காரணம். வரும் வழியில் கொள்ளை போனால் கேட்க ஆள் உண்டு. கடன் வாங்கியவன் ஏமாற்றினால் விசாரிக்கச் சந்தைக் காவலர்கள் என்று தனி அதிகாரிகள் உண்டு. துணி விற்க இத்தனை நாள், தோல் விற்க இத்தனை நாள், எடை போட்டு விற்கும் சரக்குக்கு இத்தனை நாள், கடைசியில் கணக்குத் தீர்க்க இத்தனை நாள் என்று ஒழுங்கு இருந்தது. இங்கே அடித்த ப்ரொவான் காசுக்கு இத்தாலி வரை மதிப்பு. ரோம் நகர மன்றமே அந்தக் காசைப் பார்த்துத் தன் காசை அடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1284-ல் ஷாம்பேனின் வாரிசான ழான் இளவரசி, பிறகு நான்காம் ஃபிலிப் என்று பிரெஞ்சு அரியணை ஏறியவரை மணந்தார். ஷாம்பேன் பிரெஞ்சு முடியோடு சேர்ந்தது. அதே காலத்தில் இத்தாலியக் கப்பல்கள் கடல் வழியாகவே ஃபிளாண்டர்ஸுக்குப் போகத் தொடங்கின. ஃபிளாண்டர்ஸோடு சண்டையும் வந்தது. சந்தை படுத்துவிட்டது. பணம் இல்லாத ஊரில் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யார் வருவார்கள்? வியாபாரம் போனதால்தான் இன்று நமக்கு இந்த ஊர் இப்படிக் கிடைத்திருக்கிறது.

முதல் வேலை: எந்த மாதிரி நாள் வேண்டும் என்று முடிவு செய்வது

டிக்கெட்டுக்கு முன்னால் இதை யோசியுங்கள். ப்ரொவானுக்கு இரண்டு முகம். திருவிழா நாள் ஒன்று, சாதாரண நாள் இன்னொன்று.

திருவிழாக்களில் பெரியது இடைக்காலத் திருவிழா. வழக்கமாக ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதி. ஊரே வேடம் போட்டுக்கொள்ளும். கொல்லர், நெசவாளர், இசைக்காரர்கள், போர் வீரர்கள், ஊர்வலம் என்று மேல் ஊர் முழுக்க ஆள் நெரியும். குழந்தைகளுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் கொண்டாட்டம். ஆனால் அன்று ஒரு கட்டடத்தின் முன்னால் நின்று நிதானமாகப் பார்ப்பது கடினம். ஆகஸ்ட் கடைசியில் அறுவடைத் திருவிழா உண்டு. அது சுற்றுவட்டாரக் கிராமத்து விவசாயிகளின் விழா. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தையும் இடைக்கால வேடத்தில்தான் நடக்கும். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பிரான்ஸ் முழுவதும் பாரம்பரிய நாட்கள் கொண்டாடுவார்கள். 1984-ல் தொடங்கிய வழக்கம் அது. வழக்கமாகப் பூட்டியிருக்கும் பல கட்டடங்களை அந்த இரண்டு நாளும் நாட்டில் பல ஊர்களில் திறந்துவிடுவார்கள்.

இவை தவிர, வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை மதில் பக்கம் இரண்டு காட்சிகள் நடத்துகிறார்கள். வல்லூறும் கழுகும் தலைக்கு மேல் பறந்து பயிற்சியாளர் கைக்குத் திரும்பும் பறவைக் காட்சி ஒன்று. குதிரை வீரர்களின் சாகசக் காட்சி இன்னொன்று. எல்லா நாளும் நடக்காது. நாளும் நேரமும் ப்ரொவான் சுற்றுலா அலுவலகத்தின் தளத்தில் இருக்கும்.

என் கருத்து இதுதான். ஒரே தடவைதான் வர முடியும், கட்டடங்களில் ஆர்வம் அதிகம் என்றால், மே அல்லது செப்டம்பரில் பறவைக் காட்சி நடக்கும் ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு காட்சியும் பார்த்த மாதிரி, ஊரையும் நிம்மதியாகச் சுற்றிய மாதிரி. சின்னப் பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்றால் ஜூன் திருவிழாவே சரி. குளிர்காலத்தில் பல இடங்கள் குறைந்த நேரமே திறந்திருக்கும், காட்சிகளும் இருக்காது. அப்போது டிசம்பர் சந்தைக்காக மட்டும் போகலாம்.

ரயில்

கார் து லெஸ்த் நிலையத்திலிருந்து டிரான்சிலியான் என்ற புறநகர் ரயிலின் 'P' வழித்தடம். முகப்புப் பலகையில் கடைசி நிலையம் ப்ரொவான் என்று போட்டிருக்கும் வண்டிதான் உங்களுடையது. இதே தடத்தில் வேறு ஊர்களுக்கும் வண்டி போகும், அவசரத்தில் மாறி ஏறிவிடாதீர்கள். ஏறக்குறைய மணிக்கு ஒரு வண்டி என்பதால், ஒன்றை விட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

டிக்கெட் விஷயத்தில் நல்ல செய்தி. 2025 ஜனவரியிலிருந்து, பாரிஸும் சுற்றுவட்டாரமும் சேர்ந்த இல்-து-பிரான்ஸ் பகுதி முழுவதும் மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரே விலை டிக்கெட். அந்த ஆண்டு ஒரு பயணம் 2.50 யூரோ. விமான நிலையத்துக்குத்தான் தனி விலை. ஆண்டுதோறும் ஜனவரியில் கட்டணம் கொஞ்சம் மாறும், ஆனால் இவ்வளவு தொலைவுக்கு இது மலிவுதான். நாவிகோ ஈஸி என்ற அட்டையை 2 யூரோவுக்கு வாங்கி அதில் டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் குடும்பமே போக முடியாது. திரும்பும் டிக்கெட்டையும் பாரிஸிலேயே ஏற்றிவிடுங்கள். மாலையில் சின்ன நிலையத்தில் ஒரே இயந்திரத்தின் முன் வரிசையில் நின்று வண்டியைக் கோட்டை விடும் நிலை வராது. எல்லா மண்டலங்களுக்குமான வாரப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு எதுவுமே தேவையில்லை, அதிலேயே ப்ரொவான் அடக்கம். அந்தப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வார இறுதிகளில் தண்டவாளப் பராமரிப்பு என்று சொல்லி வண்டியை நிறுத்தி, பேருந்து விடுவதும் உண்டு. கிளம்பும் முந்தைய நாள் இரவே செயலியில் பார்த்துவிடுங்கள். திரும்ப வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

கார் து லெஸ்த்திலிருந்து கார் து நோர் நடக்கும் தூரம். அதைத் தாண்டினால் நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கடை திறந்திருக்கும் நேரம் பார்த்து அங்கே ஏதாவது கட்டிக்கொண்டு ரயில் ஏறுவது புத்திசாலித்தனம்.

ஊருக்குள் நடக்கும் வழி

ப்ரொவானில் கீழ் ஊர், மேல் ஊர் என்று இரண்டு பகுதி. ரயில் நிலையம் கீழ் ஊரில். மதிலும் கோபுரமும் மேல் ஊரில். இருபது, இருபத்தைந்து நிமிட நடையில் மேலே போய்விடலாம், ஆனால் ஏற்றம். பாதை பல இடங்களில் கல் பாவியது. குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இந்தக் கல் பாதை பெரிய தொல்லை, தூக்கிக்கொள்ளும் பையைக் கொண்டுவாருங்கள். காரில் வருபவர்கள் நேராக மேல் ஊருக்கு வெளியே, சேன்-ழான் வாசல் பக்கத்தில் நிறுத்தலாம். சுற்றுலா அலுவலகமும் அங்கேதான்.

எல்லோரும் ரயிலிலிருந்து இறங்கியதும் மேலே ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் சேன்-தாயுல் தேவாலயத்துக்குப் போங்கள். செப்டம்பர் சந்தை இந்தத் தேவாலயத்தின் பெயரில்தான் நடந்தது. 1122 வாக்கில் தத்துவ அறிஞர் அபெலார் தன் மடத்தோடு பிணங்கிக்கொண்டு ஓடிவந்து தங்கியதும் இந்த இடத்து மடத்தில்தான். வாசலில் பழைய கல் சிற்பங்கள் சிதைந்துபோன இடத்தில் ழோர்ழ் ழான்குலோ என்ற 20-ம் நூற்றாண்டுச் சிற்பி வெண்கல உருவங்கள் செய்து வைத்திருக்கிறார். பழையதைப் போலிசெய்யாமல், பக்கத்தில் பணிவாக நிற்கும் வேலை. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த ஒன்று.

அங்கிருந்து சேன்-திபோ தெரு வழியாக ஏறுங்கள். பாதி ஏற்றத்தில் பழைய மருத்துவ விடுதிக் கட்டடம் வரும். நிலவறைக்கு அதுதான் வாசல். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், நேரம் குறித்த சுற்று. அதனால் மேலே போகும் வழியிலேயே அடுத்த சுற்று எப்போது என்று கேட்டுவிட்டு உங்கள் நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மென்மையான கல்லைக் குடைந்த நடைபாதைகள் கிளை கிளையாகப் பிரிகின்றன. கம்பளித் துணியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க உதவும் ஒருவகை மண்ணுக்காகத் தோண்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். துணி வியாபாரத்தால் வாழ்ந்த ஊர் என்பதால் அது பொருத்தமாகவே படுகிறது. சுவர்களில் பல காலத்தவர் கீறிவைத்த பெயர்களும் உருவங்களும் இருக்கின்றன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கீறல் எழும்பித் தெரியும். கோடையிலும் குளிரும், ஒரு மேல்சட்டை கையில் இருக்கட்டும்.

ஏறி முடித்தால் ஷாத்தல் சதுக்கம். சுற்றிலும் மரச்சட்ட வீடுகள், நடுவில் ஒரு பழைய கிணறு, அதன் பக்கத்தில் நாணயம் மாற்றுவோர் சிலுவை. ஊர் அறிவிப்புகளை ஒட்டிய இடம் அது. பல ஊர்க் காசுகளோடு வந்தவர்கள் இங்கே எப்படிக் கூடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காபி குடிக்க இந்த இடம் நல்லது. மதியச் சாப்பாட்டுக்குச் சற்று விலை கூடுதல்.

அடுத்து சேன்-ழான் தெருவில் திரும்பினால் தசமபாகக் களஞ்சியம். 13-ம் நூற்றாண்டுக் கல் கட்டடம். வெளியே பார்த்தால் அடக்கமாக இருக்கும், உள்ளே தூண்களின் மேல் கமான் கமானாக விரியும் கூடம். சேன்-கிரியாஸ் தேவாலயக் குருக்களுக்குச் சொந்தமான இதைச் சந்தைக் காலத்தில் துலூஸ் வியாபாரிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். சந்தை படுத்த பிறகு விளைச்சலில் பத்தில் ஒரு பங்காக வந்த தானியத்தைக் கொட்டிவைத்தார்கள், பெயர் அப்படி வந்தது. இப்போது அந்தக் காலத்து வியாபாரிகள், கைவினைஞர்கள் பொம்மைகளை வைத்துச் சந்தைக் காட்சியை விளக்குகிறார்கள். இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். இந்த ஊரில் கீழே கமான் கூடமும் மேலே குடியிருப்புமாகக் கட்டிய வீடுகள் நிறைய உண்டு. சரக்கைப் பத்திரமாக வைக்கவும் விற்கவும் ஏற்ற வடிவம் அது. களஞ்சியத்தைப் பார்த்துவிட்டால் தெருவில் மற்ற வீடுகளின் கீழ்த்தளமும் கண்ணில் படத் தொடங்கும்.

தெரு முனையில் சேன்-ழான் வாசல். வெளியே வந்து மதிலை ஒட்டி ழூயி வாசல் வரை நடங்கள். மேல் ஊரில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மதில் மிஞ்சியிருக்கிறது. கோபுரங்கள் ஒன்று போல் ஒன்று இல்லை. சதுரம், வட்டம், பல பட்டை, அலகு போலக் கூர்ந்தது என்று மாறி மாறி வரும். எதிரே வயல்வெளி. காலை வெயிலைவிட மாலை வெயிலில் படம் நன்றாக வரும்.

ழூயி வாசலில் உள்ளே நுழைந்து திரும்பி வந்தால் சீசர் கோபுரம். சீசருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 12-ம் நூற்றாண்டில், தாராள மனத்தர் என்று பெயர் எடுத்த கோமகன் ஆன்றி காலத்தில் எழுந்தது. கீழே சதுரம், மேலே எண்கோணம். அடியைச் சுற்றி இருக்கும் தடித்த சுவர், பிரான்ஸும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போரில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கட்டியது. படிக்கட்டு குறுகல், சில இடங்களில் குனிய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நின்றுவிடலாம். ஏறுபவர்கள் உச்சியில் மரச்சட்டங்களுக்கு நடுவே தொங்கும் மணிகளைப் பாருங்கள். பக்கத்துத் தேவாலயத்தின் மணிகள் அவை. அங்கே மணிக்கூண்டு இல்லாததால் கோபுரமே மணிக்கூண்டு ஆனது.

அந்தத் தேவாலயம்தான் சேன்-கிரியாஸ். 12-ம் நூற்றாண்டில் பெரிய திட்டத்தோடு தொடங்கினார்கள். பணம் வற்றியதால் மக்கள் கூடும் நடுக்கூடம் முழு நீளம் பெறவே இல்லை. 1662-ல் தீப்பிடித்த பிறகு மேலே குவிமாடம் வைத்தார்கள், தூரத்திலிருந்தே தெரியும் அந்தக் கறுத்த கூரை அதுதான். 1429 ஆகஸ்டில் ஏழாம் சார்ல் மன்னரோடு ஜோன் ஆஃப் ஆர்க் இங்கே வழிபட்டார்.

இறங்கும் வழியில் நேரம் இருந்தால் ரோஜாத் தோட்டம். ப்ரொவான் ரோஜா என்பது ரோசா காலிகா இனத்தின் ஒரு வகை, மருந்துக்கடைக்காரர்கள் பயன்படுத்தியது. சிலுவைப் போருக்குப் போன நான்காம் திபோ கோமகன் 1240 வாக்கில் கிழக்கிலிருந்து கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வார்கள், அது கதை. மே கடைசியும் ஜூனும்தான் பூக்கும் பருவம். மற்ற மாதங்களில் இதற்காக நேரம் ஒதுக்க வேண்டாம்.

நான்கு இடங்களுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுக்காதீர்கள். கோபுரம், களஞ்சியம், நிலவறை, அருங்காட்சியகம் ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு பாஸ் உண்டு. மூன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றாலே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சாப்பாடு

பன்னிரண்டு முதல் இரண்டு மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். அதற்குப் பிறகு பல உணவகங்களில் சமையலறை மூடிவிடும். சைவர்களுக்கு எளிதானது பாப்பரை (பக்வீட்) மாவில் தோசை போல் சுட்ட காலெட். பாலாடைக்கட்டி, காளான், முட்டை என்று வேண்டியதைச் சொல்லிக் கேட்கலாம். பன்றி இறைச்சி போட்டுவிடுவார்கள், அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் 'போன்ஷூர்' என்று சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள். சொல்லாமல் கேள்வியோடு தொடங்கினால் இங்கே அது மரியாதைக் குறைவு.

இந்த மாவட்டம் ப்ரீ பாலாடைக்கட்டியின் தாயகம், ஒரு துண்டாவது சாப்பிட்டுப் பாருங்கள். வாங்கிப் போக ரோஜா இதழ் ஜாம், ரோஜா சிரப், ரோஜா தேன் எல்லாம் மேல் ஊர்க் கடைகளில் கிடைக்கும். குல்கந்து தின்று வளர்ந்த நாக்குக்கு அந்த ஜாம் உடனே பிடித்துவிடும். விமானத்தில் திரும்புபவர்கள் பாட்டிலைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.

திருவிழா நாளில் போவதென்றால்

நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். காலை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள், பதினொரு மணிக்கு மேல் மேல் ஊரில் நடப்பதே மெதுவாகிவிடும். அன்று நான் மேலே சொன்ன வழியைத் தலைகீழாக்குங்கள். கூட்டம் சேர்வதற்குள் மதிலும் கோபுரமும், மதியத்துக்கு மேல் ஊர்வலமும் காட்சிகளும், கால் ஓய்ந்த பிறகு கீழ் ஊரும் சேன்-தாயுலும். காட்சிக்கு அரை மணி முன்னால் போனால்தான் நிழலில் இடம் கிடைக்கும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். சின்னக் கடைகளுக்குச் சில்லறை நோட்டு கொஞ்சம் இருக்கட்டும்.

வேடமிட்டு வருபவர்கள் படம் எடுக்கச் சந்தோஷமாக நிற்பார்கள், ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். கைவினைஞர்களிடம் பேச்சுக் கொடுங்கள். கம்பளிக்குச் சாயம் ஏற்றுபவரும் கொல்லரும் தங்கள் வேலையை வருடக்கணக்கில் கற்றவர்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் கையைக் காட்டிக் கேட்டால் செய்தே காட்டுவார்கள்.

ஓர் இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. மாலை வண்டியில் பயணிகள் திரும்பிய பிறகு மேல் ஊரில் கூட்டமே இருக்காது, பகலில் நெரிசலில் விட்ட தெருக்களை அப்போது பார்க்கலாம். அறைகள் குறைவு. ஜூன் திருவிழாவுக்கு மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். நவம்பர் 1-ம் தேதி, சகல பரிசுத்தர் திருநாளையொட்டி வந்தால் நிஃப்லெத் என்ற சின்னப் பலகாரம் பேக்கரிகளில் கிடைக்கும். அடுக்கு மாவில் கஸ்டர்ட் வைத்துச் சுட்டது, இந்த ஊருக்கே உரியது. காலையிலேயே போய் வாங்குங்கள், சூடாக இருக்கும்.